மியூனிக்கின் இயங்குதள மாற்றம்: போனதும் திரும்பியதும்

கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். பெரிய அலுவலகம் ஒன்று அதை மாற்ற முனையும்போது, அதன்மேல் பல்லாண்டுகளாகப் படிந்துவிட்ட படிவங்களும் கோப்புகளும் வேலைமுறைகளும் சேர்ந்தே அசைகின்றன என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி தக்க சான்று.

விண்டோஸ் என்.டி. 4.0 பதிப்புக்கான ஆதரவு முடிவுக்கு வரவிருந்த நிலையில், சுமார் 14,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றுவதென 2003 மே மாதம் மாநகர மன்றம் முடிவெடுத்தது. விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயர் கிறிஸ்டியான் ஊடெயைச் சந்தித்தும் பயனில்லை. லினக்ஸ் திறந்த மூல மென்பொருள், அதாவது மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமை தருவது என்பதால், உரிமக் கட்டணம் மிச்சமாகும் என்றே வெளியில் பேசப்பட்டது. மன்றத்தின் முதன்மை நோக்கமோ, எந்தப் பதிப்புக்கு எப்போது மாறுவது என்பதை ஒரே விற்பனையாளர் தீர்மானிக்கும் நிலையிலிருந்து விடுபடுவதாக இருந்தது.

‘லிமுக்ஸ்’ எனப்பட்ட இத்திட்டத்தின் சிறப்பு அதன் நிதானம். விண்டோஸ் இருக்கும்போதே அலுவலகச் செயலித் தொகுப்பான ஓப்பன்ஆஃபிஸ், இணைய உலாவியான ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றைப் பழக்கிவிட்டு, பிறகே அடியிலிருந்த இயங்குதளத்தை மாற்றினர். துறைதோறும் தனித்தனியே பெருகிக் கிடந்த கடித வார்ப்புருக்களையும், திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானியக்கமாக்கும் குறுநிரல்களான மேக்ரோக்களையும் ஒழுங்குபடுத்த ‘வோல்மக்ஸ்’ என்ற கருவியை மாநகராட்சியே உருவாக்கி, 2008இல் அதைப் பொதுவில் வெளியிட்டது. எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் செய்திருக்க வேண்டிய இந்தத் துப்புரவுப் பணி, இடமாற்றம் என்ற நெருக்கடி இல்லாதிருந்தால் நடந்திருக்குமா என்பது ஐயமே.

சேமிப்புக் கணக்கு அவ்வளவு உறுதியானதன்று. 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று 2012இல் மாநகராட்சி அறிவித்ததை, மைக்ரோசாஃப்டின் வேண்டுகோளின்பேரில் எச்.பி. நிறுவனம் தயாரித்த ஆய்வு மறுத்தது. நிகழாத ஒரு மாற்றுவழியின் செலவைக் கற்பனை செய்துதான் இரு தரப்பும் கணக்கிட வேண்டியிருந்ததால், எந்தக் கூட்டலும் வாதத்தை முடித்திருக்க முடியாது.

திட்டத்தின் மெய்யான குறை வேறிடத்தில் இருந்தது. விண்டோஸில் மட்டுமே இயங்கும் துறைசார் செயலிகளுக்காகச் சில கணினிகள் பழைய தளத்திலேயே விடப்பட்டன; வெளி அலுவலகங்களிலிருந்து வரும் ஆவணங்களின் வடிவமைப்பு திறக்கும்போது குலைந்தது; மாநகராட்சியே பராமரித்த லினக்ஸ் பதிப்பும் காலத்துக்குப் பின்தங்கியது. தகவல் தொழில்நுட்பப் பொறுப்பு துறைகளிடையே சிதறிக் கிடந்ததால் பழுது நீக்கம் தாமதப்பட்டது. அந்தத் தாமதமும் லினக்ஸின் கணக்கிலேயே எழுதப்பட்டது. 2016இல் ஆலோசனை நிறுவனமான அக்சென்சர் அளித்த அறிக்கை நிர்வாக அமைப்பின் கோளாறுகளை முதன்மைப்படுத்திய போதிலும், மேயர் டீட்டர் ரைட்டரின் காலத்தில் மன்றம் 2017 நவம்பரில் விண்டோஸ் 10க்குத் திரும்ப முடிவுசெய்தது. சுமார் 5 கோடி யூரோ மதிப்பிடப்பட்ட அந்தத் திரும்புதலும் இன்னொரு முழு இடமாற்றமே. ஓப்பன்ஆஃபிஸின் வழிவந்த லிப்ரேஆஃபிஸுக்காகச் செதுக்கிய வார்ப்புருக்களை மீண்டும் வேர்டுக்கு மாற்றும் வேலை அதில் அடங்கும். 2020இல் அமைந்த பசுமைக் கட்சி - சமூக ஜனநாயகக் கட்சிக் கூட்டணி, இயன்ற இடங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று தன் உடன்பாட்டில் எழுதிக்கொண்டது.