திரை தோன்றாத திரையரங்கு: ‘எ காட்டேஜ் ஆன் டார்ட்மூர்’ படமும் வீட்டுப் பார்வையாளரும்

முன்னுரை

மௌனப்படம் பலர் கூடிக் காண்பதற்கென உருவான கலை. இசைக்குழு அரங்கிலேயே அமர்ந்து வாசித்தது. சிரிப்பும் அச்சமும் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவின. இன்று அப்படங்களைப் பெரும்பாலும் வீட்டில், தனியே, சிறு திரையில் காண்கிறோம். இம்மாற்றம் படத்தின் பொருளையும் மாற்றுகிறதா என்னும் வினாவை, அந்தோணி ஆஸ்க்வித் இயக்கிய ‘எ காட்டேஜ் ஆன் டார்ட்மூர்’ (1929) என்னும் பிரித்தானிய மௌனப்படத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையும் காலமும்

ஜோ (ஊனோ ஹென்னிங்) ஒரு முடிதிருத்தகப் பணியாளன். அங்கு வருவோரின் கைந்நகங்களைச் செப்பனிடும் சாலியை (நோரா பேரிங்) அவன் விரும்புகிறான். அவளோ, வாடிக்கையாளராக வரும் டார்ட்மூர் உழவன் ஹாரியை (ஹான்ஸ் ஷ்லெட்டோவ்) ஏற்கிறாள். பொறாமை முற்றிய நிலையில் ஜோவின் சவரக்கத்தி ஹாரியின் கழுத்தைக் கிழிக்கிறது. ஜோ சிறை செல்கிறான். ஆனால், படம் இந்த வரிசையில் நகரவில்லை. சிறையிலிருந்து தப்பிய ஜோ, ஹாரியின் மனைவியும் ஒரு குழந்தையின் தாயுமாகிவிட்ட சாலியின் வீட்டை அடைவதிலிருந்து அது தொடங்குகிறது. அவனைக் கண்ட சாலி ‘ஜோ’ என்கிறாள். அவ்வழைப்பைக் கேட்டவன்போல, அடுத்த காட்சியில் பழைய முடிதிருத்தகத்தில் ஜோ திரும்பிப் பார்க்கிறான். நம் செவிக்கு எட்டாத ஒரு குரலே நிகழ்காலத்தையும் கடந்த காலத்தையும் இணைக்கிறது.

பிரித்தானியத் திரையுலகம் பேசும்படத்தை நோக்கித் திரும்பிய ஆண்டு 1929. ஹிட்ச்காக்கின் ‘பிளாக்மெயில்’ அவ்வாண்டில் மௌன வடிவிலும் பேசும் வடிவிலும் உருவானது. ஆஸ்க்வித்தின் படத்திலும் ஒலித்தட்டில் பதிவான ஒரு சிறு பகுதி இருந்தது. அது இன்று கிடைக்கவில்லை. 2008இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் வெளியிட்ட டிவிடியில் ஸ்டீபன் ஹார்னின் பியானோ இசை இடம்பெற்றுள்ளது. எனவே, வீட்டில் இப்படத்தைக் காண்பவர் முழுமையான அமைதியையும் கேட்பதில்லை. 1929ஆம் ஆண்டு அரங்கின் ஒலியையும் கேட்பதில்லை. பிற்கால இசைக்கலைஞர் ஒருவரின் விளக்கவுரையோடு சேர்த்தே படத்தைப் பெறுகிறார்.

அரங்கக் காட்சி

சாலியும் ஹாரியும் திரையரங்கு செல்கின்றனர். ஜோ அவர்களைப் பின்தொடர்ந்து சென்று பின்வரிசையில் அமர்கிறான். இந்நீண்ட காட்சியில் அரங்கின் திரை ஒருமுறைகூட நமக்குக் காட்டப்படுவதில்லை. பார்வையாளர் முகங்களும் இசைக்குழுவுமே காட்டப்படுகின்றன. முதலில் நகைச்சுவைப் படம். இசைஞர்கள் விரைந்து வாசிக்க, அரங்கம் சிரிக்கிறது. அடுத்துப் பேசும்படம் தொடங்குகிறது. இசைஞர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுச் சீட்டாடுகின்றனர். சற்றுமுன் சிரித்தவர்கள் இப்போது காதுகொடுத்துக் கேட்க முயல்கின்றனர். பிழைப்பை இழக்கவிருக்கும் ஒரு தொழிலின் நிலையை ஆஸ்க்வித் எந்த விளக்கமுமின்றி இவ்வாறு பதிவுசெய்கிறார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இக்காட்சியை விளக்கத் துணைபுரிகிறது. உள்ளத்துணர்வு மெய்யின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. கூத்தில் தோன்றும் சுவை காண்போரைச் சென்றடைவதையும் உரையாசிரியர்கள் இதனோடு சேர்த்து எண்ணினர். ஆஸ்க்வித்தோ சுவையைத் தோற்றுவிக்கும் திரையை முற்றாக மறைத்து, காண்போரின் மெய்ப்பாட்டை மட்டுமே காட்டுகிறார். நகையும் மருட்கையும் அச்சமும் முகந்தோறும் தோன்றி மறைகின்றன. அவற்றில் எதற்கும் ஆட்படாதவன் ஜோ ஒருவனே. அவன் திரையைப் பார்க்கவில்லை. சாலியையும் ஹாரியையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வீட்டுப் பார்வையாளர்

1929ஆம் ஆண்டுப் பார்வையாளருக்கு இக்காட்சி ஒரு கண்ணாடியாக இருந்திருக்கும்: அரங்கில் அமர்ந்தோர் அரங்கில் அமர்ந்தோரையே கண்டனர். வீட்டில் தனித்திருப்பவருக்கு அது அவ்வாறு அமைவதில்லை. தமக்கு வாய்க்காத ஒரு கூட்டத்தை அவர் வெளியிலிருந்து காண்கிறார். அதாவது, ஜோவின் இருக்கையில் அமர்கிறார். படத்தில் ஆழ்ந்திருக்கும் பார்வையாளரைத் திரையையே நோக்காத ஜோவுடன் ஒப்பிடலாமா என்று வினவலாம். இக்காட்சியில் நாம் நோக்குவதற்கு வேறு திரை இல்லை. பிறர் காண்பதைக் காண்பதொன்றே நமக்கு விதிக்கப்பட்டுள்ளது. அரங்கில் அருகிருப்போரின் சிரிப்பு நம்மை ஜோவிடமிருந்து விலக்கிக் கூட்டத்தோடு சேர்க்கும். வீட்டில் அவ்வாறு விலக்குவார் இல்லை. ஆகவே, அவனது பொறாமையை நாம் அவன் அருகிலிருந்தே உணர்கிறோம்.

இதற்கு ஓர் இழப்பும் உண்டு. ஆய்வாளர் படத்தை நிறுத்தியும் திருப்பியும் பார்க்கலாம். ஆனால், கழுத்தறுபடும் தறுவாயில் இழை அறுவதுபோன்ற காட்சித்துண்டுகள் விரைந்து மோதுவதால் எழும் அதிர்ச்சி, நிறுத்திப் பார்க்கும்போது சிதைந்துவிடுகிறது. உத்தி புலப்படுகிறது, மெய்ப்பாடு மறைகிறது.

முடிவுரை

வீட்டுப் பார்வையை அரங்கப் பார்வையின் குறைவடிவம் என்று மட்டும் கொள்வது போதாது. இப்படத்தில் அது பார்வையாளரின் இடத்தையே கூட்டத்திலிருந்து ஜோவிடம் மாற்றுகிறது. எனவே, மௌனப்படத் திறனாய்வில் எந்தப் படி, எந்த இசையுடன், எச்சூழலில் காணப்பட்டது என்பதைக் குறிப்பிடுதல் வேண்டும். இப்படத்தைப் பயிற்றுவிப்போர் அரங்கக் காட்சியை மாணவரை முதலில் தனியேயும், பின்னர் வகுப்பில் கூடியும், இடைநிறுத்தாமல் காணச் செய்யலாம். முதன்முறை ஜோவை மட்டுமே கண்டவர், மறுமுறை சிரிப்போரையும் காண்பார்.