திருடனைத் தேடி ஒரு பாதிரியார்

நள்ளிரவு. திறந்து கிடக்கும் பணப்பெட்டி. அதன் எதிரே அங்கியணிந்த பங்குச்சாமியார். போலீஸ் அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கிறது. அவரோ, தம் பங்கைச் சேர்ந்த ஒருவன் திருடிய பணத்தைத் திருப்பி வைக்க வந்தவர். 1954இல் ராபர்ட் ஹேமர் இயக்கிய ‘ஃபாதர் பிரவுன்’ படம் இப்படித்தான் தொடங்குகிறது. திருடன் யார் என்பது சாமியாருக்குத் தெரியும்; அவனை மீட்பதுதான் அவர் கவலை. துப்பறியும் படங்களில் இப்படி ஒரு கவலை மிக அபூர்வம்.

புனித அகுஸ்தீனாரின் சிலுவையை ரோமுக்குக் கொண்டு செல்லும் வழியில், பாரிஸின் நிலத்தடிக் கல்லறைகளில் ஃபிளாம்போ என்ற திருடனிடம் பறிகொடுக்கிறார் பிரவுன். அதன்பின் சிலுவையைவிட அந்தத் திருடனின் ஆன்மாவே அவருக்குப் பெரிதாகிவிடுகிறது. பிரவுனாக வரும் அலெக் கின்னஸ் இதை வசனத்தால் அல்ல, உடம்பால் நடிக்கிறார். கிட்டப்பார்வையோடு தடுமாறி நடக்கிறவர், எதிரிலிருப்பவரின் மனத்தை மட்டும் துல்லியமாகப் பார்க்கிறார். பிரபுகுலச் சின்னம் ஒன்றைத் தேடிப் போன நூலகத்தில், அவரும் பார்வை மங்கிய முதியவராக வரும் எர்னெஸ்ட் தெசிஜரும் சேர்ந்து மூக்குக்கண்ணாடிகளைப் பாழாக்கும் காட்சி நகைச்சுவையின் உச்சம். இந்தப் படப்பிடிப்பின்போது பிரான்சில், கின்னஸை உண்மையான பாதிரியார் என்று நம்பிய சிறுவன் ஒருவன் அவர் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தானாம். அந்த அனுபவமும் உந்த, 1956இல் கின்னஸ் கத்தோலிக்கத்தில் சேர்ந்தார்.

ஆனால் செஸ்டர்டனின் மூலக்கதையான ‘நீலச் சிலுவை’யைப் படித்தவர்களுக்கு இழப்பும் தெரியும். 1910இல் வந்த அந்தக் கதையில், உப்பையும் சர்க்கரையையும் இடம் மாற்றி, சுவரில் சூப்பை வீசி, போலீஸுக்குத் தடயம் விட்டுக்கொண்டே போகிறார் பிரவுன். சிலுவையையும் முன்கூட்டியே பத்திரமாக அனுப்பிவிடுகிறார். பக்கத்தில் நடக்கும் ஃபிளாம்போ போலிப் பாதிரி என்பதற்கு, அவன் பகுத்தறிவைப் பழித்ததையே சான்றாகக் காட்டுகிறார். படத்தில் அந்தக் கூர்மை மழுங்கி, கனிவு மட்டும் மிஞ்சுகிறது. பின்பாதித் துரத்தலும் இழுவைதான்.

இன்னும் பெரிய குறை ஃபிளாம்போ. பீட்டர் ஃபிஞ்ச் அழகாக நடித்தாலும், கலைப்பொருள்களைக் கோட்டையில் சேர்த்துவைத்துத் தனியே ரசிக்கும் பிரபு அவன். ஏழையின் வயிற்றில் அடித்தவன் அல்ல. அப்படிப்பட்டவன் மனம் மாறுவதில் பாதிரியாருக்குப் பெரிய சோதனை ஏது? செஸ்டர்டன் பல கதைகளில் மெல்ல நடத்திய மாற்றம், இங்கே ஒன்றரை மணி நேரத்தில் சுலபமாக முடிந்துவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும், திருந்துவதைத் தண்டனைக்கு மேலாக வைத்த துணிவுக்காகவே இதை நல்ல படம் என்பேன். கதையை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்.