வயிற்று வலி என்னும் சொல்லாடல்

'தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர் மனமுடைந்து...' தமிழ் நாளிதழ்களில் நாம் காலங்காலமாக வாசித்துவரும் வாக்கியம் இது. பனித்திட்டுத் தேநீர்க் கடையில் சத்தமாகப் படித்தேன். பாகூர்ப் பக்கம் வயல்வேலைக்குப் போகும் பெரியவர் சிரித்தார். "வேற என்னத்த எழுதச் சொல்ற தம்பி? கடன்னு எழுதுனா கடன்காரன் பேரு வரும். பொண்ணு விசயம்னா ஊரு ரெண்டாவும். வயித்து வலின்னா கேசு முடிஞ்சுது."

உடம்பின்மீது பழி போட்டுவிட்டால் யாரும் குற்றவாளி இல்லை. 2015இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு: லட்சத்துக்கு 43.2. தேசியச் சராசரி 10.6தான். 2022இல் 29.7ஆகக் குறைந்தபோதும் தேசியச் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இத்தனை வயிறுகளா வலிக்கின்றன?

அதற்காக உடம்பே பொய் என்றுவிட முடியாது. 1976இல் ஸ்டாக்ஹோமில் மேரி ஆஸ்பெர்க் குழுவினர், மனச்சோர்வு நோயாளிகளில் தண்டுவட நீரில் செரோடோனினின் சிதைவுப்பொருள் குறைந்திருந்தவர்களிடம் தற்கொலை முயற்சி கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். இரட்டையர் ஆய்வுகள் பரம்பரைக்கும் பங்குண்டு என்கின்றன. இதையெல்லாம் முதலாளித்துவ மருத்துவத்தின் புரட்டு என்று தள்ளும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எல்லாச் சாவுக்கும் 'அரசின் கொலை' என்று துண்டறிக்கை போட்டவர்களில் நானும் ஒருவன். வயிற்று வலி எழுதும் ஏட்டையாவைப் போல நாமும் ஒற்றைக் காரணத்தைத்தான் தேடினோம்.

இலங்கை இந்த இருமையைக் கலைத்துப்போட்டது. 1995 வாக்கில் அங்கே லட்சத்துக்கு 47 பேர். கடும் நச்சுப் பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கானது. மரபணு மாறிவிடவில்லை, 2009வரை போர் நடந்தது, கடனும் குடியும் அப்படியேதான். நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை, பிழைத்தவர்கள் கூடினார்கள். நெருக்கடியின் உச்சம் பலருக்குச் சில மணிநேரம்தான். அதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் சாவதில்லை. சூழல் என்று நாம் சித்தாந்தமாகப் பேசியது, அந்த நேரத்தில் கைக்கெட்டும் பரணில் என்ன இருக்கிறது என்பதும்தான்.

பக்கத்துக் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில், மருந்துகளை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவறையில் ஆளுக்கொரு பெட்டியில் பூட்டிவைக்கும் முயற்சி நடந்தது. லட்சுமி விஜயகுமார் குழுவினர் 2013இல் அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். பெரியவரிடம் உற்சாகமாகச் சொன்னேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லதுதான். அந்த ரூம எங்க கட்டுவ? ஊருலயா, காலனியிலயா?"