தோளுக்கு ஒரு கணக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஒரு பையன் நன்றாகப் பந்து போடுகிறான் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "என்னா ஸ்பீடு?" என்பதுதான். கோடையில் வற்றிய ஏரிக்குள் நடக்கும் டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஆனாலும் சரி, பெருந்திட்ட வளாக மைதானத்தில் விடிகாலைப் பயிற்சி ஆனாலும் சரி, லைன், லென்த் எல்லாம் அப்புறம், முதலில் வேகம். பந்துவீச்சைப் பார்க்கும் ருசி எனக்கும் அங்கேதான் ஒட்டியது. ஆனால் அந்த வேகத்தை நிதானமாக ரசிக்க வைத்தது, நம் பக்கத்தில் பலரும் பார்த்தே இராத சாஃப்ட்பால். பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டிகளில் அந்த ஆட்டத்துக்கு இடம் உண்டு, தமிழ்நாட்டுக்கு அணியும் உண்டு. கேலரிதான் இல்லை.

பந்து வீசுபவரான பிட்சர் செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். தரையில் பதித்த ரப்பர் பட்டையில் கால் வைத்து, இரண்டு கைகளையும் சேர்த்து அசையாமல் நிற்கிறாள். ஓடிவருவதெல்லாம் கிடையாது. உடம்பு சற்றுப் பின்வாங்குகிறது. ஒரு கால் நீளமாக முன்னே பாய்கிறது. பந்துள்ள கை முன்புறமாக மேலேறி, காதை உரசினாற்போல் தலையைத் தாண்டி, பின்புறமாக இறங்கி இடுப்போரம் வந்து சேர்கிறது. ஒரு முழு வட்டம். விதிப்படி அதற்கு மேல் இன்னொரு சுற்று கூடாது, பந்து கை இடுப்புக்குக் கீழே இருக்கும்போதே விடுபட வேண்டும். குருவி விரட்டக் கவண் சுழற்றியவர்களுக்கு இதன் சூட்சுமம் சட்டென்று பிடிபடும்: வேகம் வட்டத்தில் பிறக்கிறது, குறி விடுகிற கணத்தில் இருக்கிறது. கொஞ்சம் முந்தினால் பந்து மண்ணில் குத்தும்; பிந்தினால் எதிரில் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் தலைக்கு மேல் போகும்.

ரசிகன் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, முன்கை தொடையோரத்தை உரசும் அந்தச் சின்னத் தொடுதல். நல்ல பிட்சர்கள் எல்லோரிடமும் அது உண்டு. அங்கே மேல்கை வேகமிழக்க, அந்த விசை முன்கைக்கும் மணிக்கட்டுக்கும் தாவுகிறது. பழைய பயிற்சியாளர்கள் பந்தை விட்டபின் முழங்கையை முகத்துக்கு நேரே உயர்த்தி முடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மெதுவாக ஓடும் வீடியோ வந்தபின் பார்த்தால், உச்சத்தில் இருந்த பிட்சர்கள் யாரும் அப்படி முடிக்கவில்லை. கை தானாகத் திருகிக்கொண்டு உடம்பின் குறுக்கே தளர்ந்து விழுகிறது. சிறுமிகள் பல காலம் தப்பான பாடத்தைப் பயின்றிருக்கிறார்கள். இரண்டாவது, பின்னங்கால் மண்ணில் இழுத்துவரும் கோடு. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கோடு விழுகிறது. தெம்பாக இருக்கும்போது நீளமாக, நேராக விழுகிறது. களைப்பு ஏற ஏற அடி குறுகுகிறது, கோடு கோணுகிறது. ஸ்கோர் போர்டைவிட அந்த மண்ணை நான் அதிகம் பார்ப்பேன்.

இப்போது வேகம். பெரியவர்களின் பெண்கள் ஆட்டத்தில் பட்டையிலிருந்து மட்டைக்காரர் நிற்கும் பிளேட்டுக்கு 43 அடி, அதாவது 13.11 மீட்டர். பிட்சர் முன்னே பாய்ந்து விடுவதால் பந்து பறக்கும் தூரம் சுமார் 11.3 மீட்டர்தான். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு அதைக் கடக்க 0.41 வினாடி போதும். கிரிக்கெட்டில் கோட்டிலிருந்து கோட்டுக்கு 17.68 மீட்டர், 140 கிலோமீட்டர் வேகப் பந்துக்கு 0.45 வினாடி, தரையில் பட்டு வேகம் குறைவதைச் சேர்த்தால் இன்னும் கூட. அதாவது டிவியில் நூறு என்று காட்டும் எண்ணைப் பார்த்து நம் ஆட்கள் உதடு பிதுக்கும் பந்து, மட்டைக்காரருக்கு பும்ராவைவிடக் குறைந்த அவகாசமே தருகிறது. 2004-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் பேஸ்பால் பேரடிக்காரர் ஆல்பர்ட் புஹோல்ஸை அமெரிக்க சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபின்ச் வெறும் காற்றை அடிக்க வைத்து அனுப்பினார். இன்னோர் அமெரிக்க பிட்சரான மோனிகா ஆபட் 2012 ஜூனில் வீசிய பந்து 77 மைல், கிட்டத்தட்ட 124 கிலோமீட்டர். கின்னஸ் ஏட்டில் ஏறியது. அந்தப் பந்துக்கு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு அவகாசம்.

ஆனால் வேகம் மட்டும் இருந்தால், மட்டை வரிசை மூன்றாவது முறை சுற்றி வரும்போது அடி விழும். இந்தக் கலையின் ருசி ரைஸ் பாலிலும் சேஞ்ச்-அப்பிலும் இருக்கிறது. இடுப்புக்குக் கீழிருந்து கிளம்பிப் பின்சுழற்சியோடு மேல்நோக்கி வரும் ரைஸ் பால், மட்டைக்காரரின் கண் எதிர்பார்க்கும் அளவுக்குத் தாழ்வதில்லை. அதனால் கடைசியில் துள்ளி எழுந்ததுபோலத் தோன்றும். மட்டை அதன் அடியில் போகும். சேஞ்ச்-அப் அதற்கு நேர் எதிரான குறும்பு. கை அதே வேகத்தில் சுழலும், கால் அதே நீளம் பாயும், பந்து மட்டும் 20 கிலோமீட்டர் குறைவாக வரும். கையைத் தளர்த்தி வேகம் குறைப்பவள் மாட்டிக்கொள்வாள். பிடியை மாற்றிக் குறைப்பவள் கலைஞர். ஸ்பீட் கன்னில் 75 என்று வரும் அந்தப் பந்தே ஆட்டத்தின் சிறந்த பந்தாக இருந்த நாட்கள் எத்தனையோ.

இந்தக் கலையைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு: கீழிருந்து வீசுவது உடம்புக்கு இயல்பானது, தோளுக்கு ஒன்றும் ஆகாது, எத்தனை பந்து வேண்டுமானாலும் போடலாம். மேலிருந்து வீசும் பேஸ்பால் பையன்களுக்கு அமெரிக்காவின் லிட்டில் லீக் 2007-இலேயே பந்துகளை எண்ணி வரம்பு போட்டது, 11-12 வயதுக்கு நாளொன்றுக்கு 85 என்று. சாஃப்ட்பால் சிறுமிகளுக்கு இன்னிங்ஸ் கணக்கு மட்டும் நின்றது. இன்னிங்ஸ் ஓர் அளவா? ஒன்று எட்டுப் பந்தில் முடியும், இன்னொன்று முப்பத்தைந்துக்கு இழுக்கும். 1989-இல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியின் முன்னணி 8 அணிகளிலிருந்து 24 பிட்சர்களை விசாரித்தபோது 20 பேருக்கு ஏதேனும் ஒரு காயம் இருந்தது. பின்னால் வந்த அளவீடுகள், வட்டத்தின் அடிப்பகுதியில் கையைத் தோளிலிருந்து பிய்த்து இழுக்கும் விசை மேலிருந்து வீசுவதற்குச் சளைத்ததல்ல என்று காட்டின. புஜத்தின் முன்தசை தோளில் சேரும் இடம்தான் அதைத் தாங்குகிறது. வலியும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

இத்தனையும் தெரிந்துகொண்டே நான் மிகவும் ரசிப்பது 413 பந்துகளை. 2008 ஆகஸ்ட் 20, பெய்ஜிங் ஒலிம்பிக். ஜப்பானின் யுகிகோ உவெனோவுக்கு அப்போது வயது 26. காலையில் அரையிறுதி, எதிரில் அமெரிக்கா. ஒன்பது இன்னிங்ஸ், 147 பந்துகள், தோல்வி. அந்தப் போட்டியமைப்பில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அதே நாள் ஆஸ்திரேலியாவோடு பன்னிரண்டு இன்னிங்ஸ், 171 பந்துகள், 4-3 வெற்றி. மறுநாள் இறுதியாட்டம், மறுபடியும் அமெரிக்கா, மறுபடியும் அவர்தான்: 95 பந்துகள், 3-1. அமெரிக்கா ஒலிம்பிக்கில் தொடர்ந்து 22 ஆட்டங்கள் வென்றிருந்த அணி. கேட் ஆஸ்டர்மன், ஆபட், ஃபின்ச் என்று மாற்றி மாற்றி இறக்க ஆளிருந்தது. ஜப்பானுக்கு ஒரே தோள். அந்த மூன்றாவது ஆட்டத்தைப் பாருங்கள். முந்தின நாள் 318 பந்து போட்டவர் வேகத்தை நம்பவில்லை, இடத்தை நம்பினார். தாழ்வாக, ஓரமாக, அடித்தாலும் தரையோடு போகிற மாதிரி. அதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், இத்தனை பந்து போடுபவருக்கு விழும் கைதட்டல் வயது பார்ப்பதில்லை. உவெனோ வளர்ந்த வீராங்கனை, உடம்பைத் தெரிந்தவர், எதைப் பணயம் வைக்கிறோம் என்று அறிந்தவர். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டில் அணிக்கு ஒரே நல்ல பிட்சராக இருக்கும் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்தத் தேர்வே இல்லை. "நீ போட்டாத்தாம்மா ஜெயிப்போம்" என்று சொன்னால் அவள் எப்படி மறுப்பாள்? கிரிக்கெட்டிலும் இதே கதைதான். ஏரி மைதானத்தில் ஒரே நாளில் மூன்று மேட்ச். முதல் ஓவரும் கடைசி ஓவரும் அதே தம்பி. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர். அந்தப் பந்துகளை எந்த நோட்டில் யார் எழுதினார்கள்? பும்ராவின் பந்துகளை நாடே எண்ணியது: 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 151.2 ஓவர், அதாவது 908 பந்துகள், 32 விக்கெட். சிட்னியில் கடைசி இன்னிங்ஸுக்கு முதுகு இடம் கொடுக்கவில்லை. அதன்பிறகு 'வொர்க்லோட்' என்ற சொல் திண்டிவனம் டீக்கடை வரை வந்துவிட்டது. பெரியவர்களுக்கு மட்டும்.

அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சாஃப்ட்பால் சிறுமிகளுக்கென ஒரு பரிந்துரை வைத்திருக்கிறார்கள். 10-12 வயதில் ஆட்டத்துக்கு 65 பந்துகள், நாளுக்கு 95. இரண்டு நாள் தொடர்ந்து போட்டால் மூன்றாம் நாள் ஒன்றுகூடக் கூடாது. 13-14 வயதில் ஆட்டத்துக்கு 80, நாளுக்கு 115. இந்த எண்கள் வேதமல்ல. ஆனால் எண்ணத் தொடங்கினாலே கண்ணில் படாத பந்துகள் வெளியே வரும்: ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கப் போட்ட ஐம்பது, பக்கத்துவீட்டு மதில் பக்கம் அப்பாவோடு போட்ட முப்பது, பி.டி. டீச்சர் வராத நாளில் ஆர்வக் கோளாறில் போட்டது. சாஃப்ட்பால் கிரிக்கெட் பந்தைவிடக் கனம், 178 முதல் 198 கிராம் வரை. நாற்பது பக்க நோட்டில் தேதி, பந்து எண்ணிக்கை, எங்கே வலித்தது என்று மூன்று பத்தி போட்டால் போதும். அதை அந்தப் பெண்ணே எழுதினால் உத்தமம். வலியைப் பற்றி அப்பா அம்மாவிடம் சொல்லாததை நோட்டில் எழுதுவார்கள்.

ஸ்பீட் கன் விஷயத்தில் நான் எதிரியில்லை. அதைப் பிடிக்கும் விதம்தான் எரிச்சல். அது நேர்கோட்டில் நின்றால்தான் சரியாகக் காட்டும். பக்கவாட்டில் 30 பாகை விலகிப் பிடித்தால் 100 கிலோமீட்டர் பந்து 87 ஆகிவிடும். ஓரமாக நின்று அளந்துவிட்டு, "பொண்ணுக்கு ஸ்பீடு பத்தலை" என்று தீர்ப்பு எழுதும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. கன் இல்லாவிட்டாலும் குறையில்லை. வினாடிக்கு 240 படம் எடுக்கும் செல்போனைப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்தி, பந்து கையை விட்ட படத்திலிருந்து கேட்சரின் கிளவுஸில் விழுந்த படம் வரை எண்ணுங்கள். விட்ட இடத்திலிருந்து கிளவுஸ் வரை டேப் பிடித்தால் 12 மீட்டர் என்று வையுங்கள். 120 படம் வந்தால் அரை வினாடி, அதாவது மணிக்கு 86 கிலோமீட்டர். ஒரு படம் தப்பினாலும் பிழை நூற்றில் ஒரு பங்குக்குள் அடங்கும். சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படம்தான். அங்கே ஒரு படம் தப்பினால் ஆறு கிலோமீட்டர் போய்விடும். இப்படிக் கிடைப்பது வழியெல்லாம் சேர்ந்த சராசரி வேகம். கன் காட்டுவது பெரும்பாலும் கையை விட்டவுடன் இருக்கும் வேகம், அது எப்போதும் கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு வீட்டில் சண்டை வேண்டாம்.

அந்த எண்ணை எதோடு வைத்துப் பார்ப்பது என்பதில்தான் ரசனை இருக்கிறது. அடுத்த பள்ளிப் பெண்ணின் எண்ணோடு வைத்தால் பொறாமைதான் மிஞ்சும். அவளுடைய பத்தாவது பந்தோடு அவளுடைய எழுபதாவது பந்தை வைத்துப் பாருங்கள். வேகம் இறங்காமலிருந்து, மண்ணில் கோடு மட்டும் குறுகியிருந்தால், காலின் வேலையையும் தோள் செய்கிறது என்று நான் சந்தேகப்படுவேன். கன் அதைச் சொல்லாது. அவளுடைய வேகப்பந்துக்கும் சேஞ்ச்-அப்புக்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் போகப் போக அந்த இடைவெளி கூடி, கைச்சுழற்சி ஒரே மாதிரி இருந்தால், அந்தப் பெண் கற்றுக்கொண்டிருக்கிறாள். 80 கிலோமீட்டரிலேயே நின்றாலும் சரி.

பெய்ஜிங்குக்குப் பின் சாஃப்ட்பால் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2021 ஜூலை 27 அன்று யோகோஹாமாவில் மறுபடியும் ஜப்பான், அமெரிக்கா, இறுதியாட்டம். உவெனோவுக்கு 39 வயது. இம்முறை ஆறாவது இன்னிங்ஸில் அவரை வெளியே அழைத்து, இருபது வயது மியு கோட்டோ என்ற இடதுகைப் பெண்ணை இறக்கினார்கள். தொடக்க ஆட்டக்காரர் ஒருமுறை திரும்பி வரலாம் என்ற சாஃப்ட்பால் விதியைப் பயன்படுத்தி, ஏழாவதில் உவெனோ மறுபடியும் வந்து முடித்தார். 2-0. ஊரில் யாராவது 413 பற்றிப் பேச்செடுத்தால் நான் முழுசும் கேட்டுவிட்டு, இந்த ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸைத் தேடிப் பார்க்கச் சொல்கிறேன். அதில் எந்தப் பந்தின் வேகமும் எனக்கு ஞாபகமில்லை.