செல் பிரிவைக் குறிவைத்த மருந்துகள்: தவறிய கணக்கு

செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடுவது கதிர்கோல். அதன் இழைகள் நுண்குழல்களால் ஆனவை. நித்தியகல்யாணியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின் நுண்குழல்களை உருவாகவிடாது. பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த டாக்சால் அவற்றைக் கலையவிடாது. இரண்டும் புற்றுநோய் மருத்துவத்தில் நிலைபெற்றவை. நரம்புகளும் நுண்குழல்களை நம்பியே இயங்குவதால், கை கால் மரத்துப்போவது இவற்றின் ஓயாத பக்கவிளைவு.

பிரிவின்போது மட்டும் வேலைசெய்யும் புரதங்களைத் தாக்கினால் நரம்பு தப்பும், புற்று அழியும் என்ற எண்ணத்தில் அடுத்த தலைமுறை மருந்துகள் பிறந்தன. 1999இல் வெளியான மொனாஸ்ட்ரால் ஆய்வு, கைனசின்-5 புரதத்தை முடக்கினால் செல் பாதிப் பிரிவில் நின்றுவிடும் என்று காட்டியது. அதே புரதத்தைத் தடுக்கும் இஸ்பினெசிப், அரோரா கைனேசைத் தடுக்கும் அலிசெர்டிப், போலோ கைனேசைத் தடுக்கும் வொலசெர்டிப் ஆகியவை மனிதர்களிடம் சோதிக்கப்பட்டன.

நரம்பு பெரும்பாலும் தப்பியது உண்மை. ஆய்வகத்தில் செல் பிரிவின் நுட்பங்களை அறிய இவை சிறந்த கருவிகள். சில ரத்தப் புற்றுகளில் ஓரளவு பலனும் தெரிந்தது. ஆனால் திடக்கட்டிகளில் கிடைத்தது சொற்பம். வொலசெர்டிபுக்கு 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திருப்புமுனைச் சிகிச்சை என்ற தகுதியே அளித்தது. மூன்றாம் கட்டச் சோதனையில் அது முதிய ரத்தப் புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை.

மருந்தளவும் இடைவெளியும் பிசகின, ஏற்ற நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று ஆதரவாளர்கள் இன்னும் வாதிடுகின்றனர். பிசகு அங்கே இல்லை. அடிப்படைக் கணக்கிலேயே இருக்கிறது. ஆய்வகத் தட்டில் புற்றுச் செல் ஏறத்தாழ நாளுக்கொரு முறை பிரியும். நோயாளியின் உடலிலுள்ள கட்டி இருமடங்காகப் பெரும்பாலும் பல வாரங்கள், மாதங்கள் செல்லும். மருந்து உடலில் தங்கும் குறுகிய காலத்தில் பிரிவுக்குள் நுழையும் கட்டிச் செல்கள் சிலவே. எலும்பு மஜ்ஜையோ ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கிறது. அளவைக் கூட்டினால் முதலில் விழுபவை வெள்ளையணுக்கள். மருந்தளவின் உச்சவரம்பை மஜ்ஜை தீர்மானிக்கும்போது, அளவைத் திருத்தினால் போதும் என்பது வெறும் சமாதானம்.

டாக்சால் மெதுவாக வளரும் கட்டிகளையும் சுருக்குகிறதே என்ற முரணை 2012இல் திமோதி மிச்சிசன் விரிவாக எழுப்பினார். பிரிவை நிறுத்துவது டாக்சாலின் முதன்மை வழியே அல்ல என்று டிட்டோ ஃபோஜோ குழுவினர் வாதிட்டனர். 2014இல் பெத் வீவர் குழுவினர் மார்பகக் கட்டிகளில் கண்டது வேறொன்று: செல் பிரிவில் நின்றுவிடவில்லை, குரோமோசோம்கள் இரண்டுக்கு மேற்பட்ட திசைகளில் இழுபட்டுச் சிதறின. விளக்கங்கள் வேறுபட்டாலும், பிரிவை நிறுத்துவதே டாக்சாலின் வலிமை என்ற நம்பிக்கையை இரண்டும் குலைக்கின்றன. புதிய மருந்துகள் கட்டப்பட்டதோ அந்த நம்பிக்கையின் மேல்தான்.

பலன் தந்தது வேறு வழி. 2011இல் ஒப்புதல் பெற்ற பிரென்டுக்சிமாப் வெடோட்டின், 2013இல் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் எம்டான்சின் ஆகியவை இலக்கை மாற்றவில்லை. நுண்குழல் நஞ்சையே எதிர்ப்பொருளில் பிணைத்துப் புற்றுச் செல்லுக்குக் கொண்டுசேர்க்கின்றன. முன்னதில் நரம்புப் பாதிப்பு இன்னும் தொடர்கிறது. ஆனாலும் இரண்டும் இன்று மருத்துவமனையில் இருக்கின்றன. நரம்பைக் காப்பாற்றிய இஸ்பினெசிப் அங்கே வந்து சேரவில்லை.