ஏவலும் துணைமையும்

எழுத்தாலேயே இயலும் கணிப்பொறி ஆடல்களில் ஆடுவோனுடன் வரும் துணைப்பாத்திரங்கள் திறனாய்வுக்கு உரியனவோ எனச் சிலர் ஐயுறுவர். உரியனவே என்பது எம் கருத்து.

1978-இல் எசெக்சுப் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்சா தொடங்க, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த 'மட்', பலர் ஒருங்கே ஆடும் எழுத்துலகிற்கு வழிகோலிற்று. அவ்வகையில் பின்னர் எழுந்த 'டிக்கூமட்'டில், மந்திரத்தால் வயப்பட்ட உயிர் ஆடுவோனைப் பின்தொடரும், ஏவியது செய்யும். அது மடியினும், குறித்த காலம் கழிந்தபின் அதன் படியொன்று பழைய இடத்திலேயே தோன்றும். இழவென்று இரங்க ஆங்கு இடம் யாது?

ஒருவரே ஆடுவதாயினும், ஸ்டீவ் மெரெட்ஸ்கி இயற்றி 1983-இல் இன்ஃபோகாம் வெளியிட்ட 'பிளானட்ஃபால்' இதற்கு மறுதலை. அதில் வரும் பிளாய்டு என்னும் எந்திரன் ஏவாமலே பேசுவான். சிறுபிள்ளைபோல் விளையாட அழைப்பான். ஆடுவோன் ஆட்டநிலையைச் சேமிக்கப் புகுந்தால், இடர்மிக்க செயல் ஏதும் வரப்போகின்றதோ என மகிழ்ந்து வினவுவான். (ஆசிரியரின் நகைத்திறன் ஈண்டு நன்கு புலப்படும்.) கொடு விலங்குகள் உலவும் ஆய்வுக்கூடத்தினின்று அட்டையொன்றைக் கொணரத் தானே முன்வருகின்றான். அவன் உட்புகுந்ததும் கதவை அடைப்பவன் ஆடுவோனே. கதவு தட்டும் ஒலி கேட்டுத் திறப்பவனும் அவனே. சிதைந்து மீண்ட பிளாய்டு அவன்முன் உயிர்விடுகின்றான். படிப்போன் கையே அடைத்த கதவாதலின், அவலம் இங்குக் காட்சியளவில் நில்லாது குற்றவுணர்வும் ஆகின்றது. அச்சுநூல் இதனை எளிதில் எய்தாது.

நன்முடிவில் பிளாய்டு பழுதுநீங்கி மீண்டு வருகின்றான். ஆடுவோர் மகிழ்வர், யாம் அதனைக் குறையென்றே கொள்கின்றோம். டிக்கூமட்டின் உயிர்ப்படிக்கு நேர்ந்ததே ஈற்றில் அவனுக்கும் நேர்ந்துவிடுகின்றது.