கண்ணீர் போதும், கூட வாருங்கள்

மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ 1990இல் வந்தது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தையை அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் முதலில் வெறுக்கிறார்கள். பிறகு மனம் மாறுகிறார்கள். மாறிய கையோடு குழந்தை செத்துப்போகிறது. ஜனங்கள் அழுதுகொண்டே கொட்டகையை விட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளை செத்திருக்காவிட்டால்? இருபது வயசில் அதை யார் குளிப்பாட்டுவது? அம்மா வேலைக்குப் போனா யாரு பாத்துக்குவா? சாவு இந்தக் கேள்விகளை வசதியாக மூடிவிடுகிறது. ஊருக்குக் கிடைத்தது கண்ணீர், பொறுப்பு அல்ல.

2013இல் வந்த ‘ஹரிதாஸ்’ ஆட்டிசம் உள்ள சிறுவனைச் சாகடிக்கவில்லை. அந்த மட்டில் நல்லது. ஆனால் அவனை மாரத்தான் ஓடவைத்துத்தான் மரியாதை வாங்கித் தருகிறது. ஓடாத பிள்ளைக்கு, ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளைக்கு மரியாதை கிடையாதா?

ராமின் ‘பேரன்பு’ (2019) இவற்றைவிட நேர்மையானது. மூளை முடக்குவாதம் உள்ள மகளோடு தகப்பன் இடம் இடமாக அலைகிறான். கடைசியில் இருவரையும் தாங்குவது மீரா என்கிற திருநங்கை. தள்ளப்பட்டவளே தள்ளப்பட்டவர்களுக்குக் கை கொடுக்கிறாள். இது நாம் அறிந்த உண்மை. ஆனால் அவளும் தனியாள்தான். ஊர் அங்கேயும் வரவில்லை.

மூன்று படத்திலும் இல்லாதவள் கூலிக்குப் போகும் சேரித் தாய். 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உட்பட 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. இடஒதுக்கீடு கேட்டால் 40 விழுக்காடு என்று சான்றிதழ் வேண்டும். அவளுக்கும் அந்தத் தாளுக்கும் நடுவே பஸ், வரிசை, ‘நாளைக்கு வா’ என்கிற அதட்டல். அன்றைய கூலியும் போச்சு.

நம்மாளுங்களையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. சேரியில் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவாள். அதே வாய் ‘எந்த ஜென்மத்துப் பாவமோ’ என்றும் சொல்லும். யோசித்துப் பாருங்கள் தோழர்களே, போன ஜென்மத்துப் பாவம் என்று சொல்லித்தானே நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள்? ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அம்பேத்கர் இந்த முன்வினைக் கதையைக் கிழித்துப் போடுகிறார். ஏழைகளின், தாழ்த்தப்பட்டோரின் நிலைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் தப்பிக்கவே அது உதவுகிறது என்கிறார். சாதி விஷயத்தில் பொய்யான கர்மம், அந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் எப்படி மெய்யாகும்?

நம் மேடைகளும் யோக்கியமில்லை. சாதிப் பெயரை வசையாக்கினால் கொதிக்கிற நாம், எதிரியைத் திட்ட ‘குருடன்’, ‘செவிடன்’, ‘லூசு’ என்கிறோம். கீழே உட்கார்ந்து கேட்கும் தாய்க்கு அது எங்கே குத்தும் என்று நினைப்பதில்லை.

இரக்கக் கதைகள் போதும். எழுதுகிறவர்கள், விடியலில் இருந்து ராத்திரி வரை அவளுடைய ஒரு நாளை எழுதுங்கள். இயக்கத்தில் இருப்பவர்கள், சான்றிதழுக்கு அவள் போகும் நாளில் கூடப் போய் வரிசையில் நில்லுங்கள். கூட்டத்துக்கு அவளையும் கூப்பிடுங்கள்; அந்த ரெண்டு மணி நேரம் பிள்ளையை யார் பாத்துக்கிறது என்பதை முதலில் முடிவு பண்ணிவிட்டு, அப்புறம் நோட்டீஸ் அடியுங்கள்.